கடலா, துறைமுகமா: கொழும்பின் இரு பழைய ஹோட்டல்கள்

கொழும்பில் பழைய ஹோட்டல் என்றதும் காலிமுகத்திடலின் தெற்கு முனையில் இருக்கும் கோல்பேஸ் ஹோட்டலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 1864இல் தொடங்கியது. வயதில் மூத்தது, அழகிலும் குறைவில்லை. சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைத் தரையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். தேநீர் ஆறுவதுகூடத் தெரியாது.

என் ஓட்டு, கோட்டைப் பகுதியின் யோர்க் வீதியிலுள்ள கிராண்ட் ஓரியண்டலுக்கே. படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடம், 1875 நவம்பரில் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல்கள் பெருகியிருந்தன. தெற்கே காலி நகரத் துறைமுகத்தின் செல்வாக்கு மெல்லக் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. கப்பலை விட்டு இறங்கியவருக்கு இந்த ஹோட்டல் நடை தூரம்தான். 1890இல் சகலின் தீவிலிருந்து திரும்பிய ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும் இங்கேதான் தங்கினார்.

இன்று பளபளப்பெல்லாம் கோல்பேஸிடம். ஓரியண்டல் சற்று வாடித்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் மாடி உணவகத்து ஜன்னலோரம் அமர்ந்தால், சோற்றைப் பிசையும்போதே பாரந்தூக்கிகள் கொள்கலன்களை இறக்குவது கீழே தெரிகிறது.