பக்கப் பலகையும் கிளிப் ஈயமும்: எங்கட கடலுக்குச் சரிவருமா?

பக்கப் பலகை என்பது ஓடும் படகின் பின்னால் இழுக்கும் தூண்டிலைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு போகிற மிதவைப் பலகை. வட அமெரிக்க ஏரிகளில் பேர்போன சாமான். இடம், வலம் என்று சோடியாக வரும்; மாறிப் பூட்டினால் விலகாமல் படகை நோக்கியே வரும்.

பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. எஞ்சின் சத்தத்துக்குப் பாரையும் சீலாவும் ஒதுங்கிவிடும். ஒதுங்கின இடத்திலேயே இரையை ஓட்டலாம் என்பதுதான் பலகையின் பெறுமதி, அதற்காகவே காசு கொடுக்கலாம்.

பூட்டும் ஒழுங்கு முக்கியம். இரையை முதலில் 15 மீற்றர் விட்டு, கிளிப் ஈயத்தை (கிளிப் பூட்டின ஈயக்கட்டி) தங்கூசியில், அதாவது நைலோன் நூலில், கவ்வ வையுங்கள். இன்னுமொரு 15 மீற்றர் விட்ட பிறகே பலகை. வேகம் கூடினால் அதே ஈயம் மேலெழும், குறைந்தால் தாழும். இதை மறந்து படகைத் திருப்பும்போதுதான் சாமான் போகிறது: உள்பக்கப் பலகை கிட்டத்தட்ட நின்றுவிட, ஈயம் அடியில் இறங்கிப் பாரில் (கடலடிப் பாறையில்) சிக்கும். ஆழம் இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர்) என்றால் அகலமாக வளைத்துத் திருப்புங்கள், அல்லது உள்பக்க நூலைச் சுற்றி எடுத்துவிட்டுத் திருப்புங்கள்.

பலகையோடு வரும் கிளிப் தங்கூசிக்குப் போதும். பின்னல் நூல் அதில் வழுக்கும். பலகை நூலோடு சறுக்கி இரைக்குக் கிட்டப் போய்விடும். நூலைக் கிளிப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கவ்வ வைத்தால் நிற்கும். அறக்குளாவுக்குப் போகிறவர்கள் நுனியில் கம்பி போடாமல் விடவே கூடாது, அதன் பல்லுக்குத் தங்கூசி நிற்காது.

பெரிய மீன் அடித்தால் பலகையின் முன்பக்கக் கிளிப் நூலிலிருந்து கழன்று பலகை பின்னால் தொங்கும். சின்ன மீனுக்குக் கழலாது, பலகை மெல்லப் பின்வாங்கும். கண் அதில் இருக்கவேண்டும். மீனைக் கொண்டுவரும்போது பலகை, ஈயம் இரண்டையும் வழியில் கழற்ற இன்னொருவர் தேவை. தனியே போகிறவருக்கு இது சரிவராது.

வாடை நாளில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடலுக்கு வாங்கவேண்டாம். அலை பலகையைக் கவிழ்க்கும். அறக்குளாவுக்குப் போலி இரையை வேகமாக இழுக்கிறவர்களுக்கும் உதவாது, அந்த ஓட்டத்தில் பலகை தண்ணீருக்குள் மூழ்கும். அமைதியான கடலில், மணிக்கு நாலைந்து கிலோமீற்றருக்குள், உயிர் இரையோ செத்த இரையோ இழுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஈயம் மட்டும் ஒரே நிறையில் எடுக்காமல் 30, 60, 90 கிராம் என்று கலந்து எடுங்கள்.