இலைச் சின்னத்தை நம்பி ஏமாந்தேன்: 'பசுமை விடுதி' பதிவு செய்யும் முன் படியுங்கள்

இருப்பதிலேயே விலை கூடிய அறையைத்தான் எடுத்தேன். விடுதியின் பதிவுப் பக்கம் முழுக்கப் பச்சை இலைச் சின்னம், 'இயற்கைக்கு இணக்கமான தங்கல்' என்ற வாசகம். கூடுதல் பணம் நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று மனதாரக் கொடுத்தேன்.

குளியலறையில் ஓர் அட்டை இருந்தது. துண்டைக் கொக்கியில் மாட்டினால் மறுபடி பயன்படுத்துவோம், தரையில் போட்டால் மாற்றுவோம், தண்ணீரை மிச்சப்படுத்த உதவுங்கள் என்று. மாட்டினேன். மாலையில் வந்து பார்த்தால் புதுத் துண்டு. மறுநாளும் அப்படியே. அறையில் குப்பைக்கு இரண்டு தொட்டிகள், ஒன்றில் மறுசுழற்சிக் குறி. சுத்தம் செய்ய வந்த அம்மா இரண்டையும் ஒரே பையில் கொட்டினார். கேட்டதற்கு, "கீழே ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது" என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பிரித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அங்கே ஏற்பாடே கிடையாது.

வரவேற்பில் போய், இந்த இலைச் சின்னத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். மேலாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது எங்க சொந்தத் திட்டம்" என்றார். அதாவது, அவர்களே வரைந்து அவர்களே ஒட்டிக்கொண்டது.

1986ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் 'கிரீன்வாஷிங்' (சுற்றுச்சூழல் அக்கறை இருப்பதாகப் பொய்யாகக் காட்டிக்கொள்வது) என்ற சொல்லை எழுதியதே விடுதிகளின் இந்தத் துண்டு அட்டையை வைத்துத்தான். இத்தனை வருடம் கழித்தும் அதே அட்டை, அதே கண்துடைப்பு.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. மூன்றாம் நாள் காலையில் கோபத்தில் துண்டைத் தரையில் வீசிவிட்டு வந்தேன். அடுத்த பயணத்தில் வேறொரு விடுதி. அங்கே உண்மையிலேயே அக்கறையாக நடத்துகிறார்கள், ஆனால் அதே மாதிரி அட்டையைப் பார்த்ததும் படிக்கக்கூட மனம் வரவில்லை. இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. விடுதி விருந்தினர்களைப் பற்றி 2015ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது: செலவைக் குறைக்கத்தான் பசுமை பேசுகிறார்கள் என்று சந்தேகம் வந்துவிட்டால், துணி மறுபயன்பாட்டில் சேரும் எண்ணமும் திரும்ப வரும் எண்ணமும் குறைகின்றன. ஒருவர் சொன்ன பொய்க்கு நேர்மையாக நடத்துபவர் விலை கொடுக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டுவந்த விதிகள் 2026 செப்டம்பர் 27 முதல் அமலாகும் என்று அறிவிக்கப்பட்டது. ஆதாரமில்லாத 'பசுமை' வாசகங்களுக்கும், நிறுவனங்கள் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் சின்னங்களுக்கும் அதில் தடை உண்டு. எல்லா இடத்திலும் அப்படிச் சட்டம் இல்லை, அதனால் நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்பே, சான்று கொடுத்தது யார், எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை அந்தச் சான்று அமைப்பின் தளத்தில் தேடிப் பாருங்கள். உலக நிலைத்த சுற்றுலா கவுன்சில் எங்களுக்கு நேரடியாகச் சான்று தந்தது என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். அந்தக் கவுன்சில் அளவுகோல்களை வகுக்கிறது, விடுதிகளுக்குத் தானே சான்று தருவதில்லை. அப்புறம், ஒரு விருந்தினருக்கு ஓர் இரவில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கேளுங்கள். நிஜமாகவே அளப்பவர்களிடம் எண் இருக்கும்.

நான் புகார் எழுதினேன். அடுத்த முறை தங்கினால் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. எனக்குத் தள்ளுபடி வேண்டாம், அந்தச் சின்னத்தை எடுங்கள் என்று திருப்பி எழுதினேன். இன்னும் எடுக்கவில்லை.