முதியோர் இல்லத் தோட்டம்: வளவிலா, பின்கட்டிலா?

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டை முதியோர் இல்லமாக மாற்றுகிறவர்களிடம் தோட்டம் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் பின்கட்டை, அதாவது வீட்டின் பின்பக்கத்தை, கைகாட்டுவார்கள், வீட்டு நடுவில் திறந்த முற்றத்தோடு இருக்கும் வளவை நினைக்க மாட்டார்கள். இடம் அங்கேதான் இருக்கிறது, கிணறு இருக்கிறது, வேம்பு நிழல் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு ஆயா, யாரையும் கூப்பிடாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில் எழுந்து போய் ஒரு செடியைத் தொட முடியுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எதையும் எடை போடுவேன். எனக்குத் தெரிந்த ஒரு இல்லத்தில் புல்தரை, செயற்கை நீரூற்று என்று பணத்தை இறைத்துவிட்டு, புல்லை மிதிக்கக் கூடாது என்று பலகையும் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பின்கட்டு. முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தாண்டித்தான் அங்கே போக வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் தேக்கு நிலைப்படி. இளவட்டங்கள் அதைக் கவனிப்பதே இல்லை, சக்கர நாற்காலிக்கோ அது மதில் மாதிரி. சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 1:12, அதாவது 15 செ.மீ. உயரமுள்ள படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், அதுவும் ஏற ஒன்று, இறங்க ஒன்று. வாசல் வாசலாக இதைப் போட்டுக்கொண்டே போனால் பாதி நடை சாய்தளமாகவே ஆகிவிடும். பழைய நிலையை அறுக்க எனக்கு மனசு வராது, ஆகவே கழற்றி மாட்டுகிற மரச் சாய்தளம்தான், அதை ஒரு வாசலில் வைக்கலாம், நாலு வாசலில் எப்படி? இதற்கு மேல் சித்திரை வெயில், சரளை கலந்த செம்மண்ணில் சக்கரம் புதைவது, புதரில் பாம்பு. கடைசியில் உதவியாளர் கூட வந்தால்தான் தோட்டம் என்று ஆகிவிடும், உதவியாளருக்கு எப்போது நேரம் இருக்கும் என்பது இல்லம் நடத்துகிறவர்களுக்கே தெரியும்.

வளவு அப்படியில்லை. அறைக் கதவைத் திறந்தால் தாழ்வாரம், தாழ்வாரத்தை அடுத்து முற்றம், இறங்க வேண்டியது ஒரு படிதான், ஆக ஒரே ஒரு சாய்தளம். சமையல்காரரோ நர்ஸோ எங்கே நின்றாலும் அங்கிருப்பவர் கண்ணில் படுவார், அதனால் தனியே போக விடுவதற்கும் பயமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் கதவு திறந்திருந்தால் பச்சை தெரியும். இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை: 1984இல் ரோஜர் உல்ரிச் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

குறை இல்லாமல் இல்லை. வெயில் சில மணி நேரம்தான் விழும், கல் பாவிய தரையைத் தோண்டக் கூடாது, ஐப்பசி மழையில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் இறங்கும். கத்தரி, வெண்டை எல்லாம் அங்கே சரியாகக் காய்க்காது, புதினா, கற்பூரவல்லி, வெற்றிலைக் கொடி நன்றாக வரும். என் ஓட்டு வளவுக்குத்தான்.

பின்கட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. மறதி நோய் உள்ளவர்களுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், வளவு அவர்களுக்குப் போதாது. புறப்பட்ட வாசலுக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்கிற பாதை ஒன்று, 1.5 மீட்டராவது அகலமாக, நடுவில் முட்டுச்சந்து இல்லாமல், சற்றுத் தூரத்துக்கு ஒரு கைப்பிடி வைத்த பெஞ்சோடு. காசு இருந்தால் இரண்டாவதாகச் செய்யுங்கள்.

தரை விஷயத்தில் நம்மூர்க்காரர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வளவு என்றதும் ஆத்தங்குடிக் கல், அதாவது சாயம் கலந்து கையால் வார்க்கும் சிமெண்டு ஓடு, பதிக்க ஆசைப்படுகிறார்கள். வீட்டுக்குள் அதற்கு ஈடு எதுவும் இல்லை, நடக்க நடக்க மெருகேறும், ஆனால் அந்த மெருகுதான் ஈரத்தில் வழுக்கும், வெளியில் மழை வெயில் பட்டால் சாயமும் மங்கும். இன்னொன்று, மறதி நோய் உள்ள சிலருக்குக் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும், கால் வைக்கத் தயங்கி நின்றுவிடுவார்கள். பேவர் பிளாக் நாளடைவில் ஒரு பக்கம் அமுங்கி, கைத்தடி நுனியும் நாற்காலியின் முன்சக்கரமும் அந்த இடுக்கில் மாட்டும். விலையும் மலிவு, காலுக்கும் பத்திரம் என்றால் சிமெண்டுத் தரைதான்: ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்து, கண் கூசாமல் இருக்கக் கொஞ்சம் காவி கலந்து ஒரே நிறமாகப் போட்டது.

பாத்திக்கு வருவோம். செங்கல் கட்டி 60 செ.மீ. உயர்த்திய மேடைப் பாத்தி உறுதியானது, விளிம்பில் உட்காரலாம், மண் ஆழம் நிறைய. ஆனால் முழங்கால் உள்ளே போகாது, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி இடுப்பைத் திருப்பித்தான் கை வைக்க வேண்டும், பத்து நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். மேசை போலக் கால் வைத்த பாத்தியில், கீழே 70 செ.மீ. இடைவெளி விட்டால் நேராக நுழைந்து வேலை செய்யலாம், மண் ஆழம் குறைவு என்பதால் நம்மூர் வெயிலில் சீக்கிரம் காயும், தென்னைநார்க் கழிவு தாராளமாகக் கலந்தாக வேண்டும். எதுவானாலும் அகலம் ஒரு பக்கம் எட்டுவதற்கு 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம், விளிம்பை மழுக்கிவிடுங்கள், வயதானவர்கள் தோல் லேசாக உரசினாலே கிழிந்துவிடும்.

பணம் குறைவென்றால் இரும்பு ஸ்டாண்டில் செடிப் பைகள். இதை நான் கடைசி வழியாகச் சொல்லவில்லை. ஒரு இல்லத்தில் பார்த்தேன், பக்கவாதத்தில் வலது கை விழுந்த ஒரு ஆச்சி இடது கையால் சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு, பாதி சிந்தி, பாதி ஊற்றிக்கொண்டிருந்தார். “இருங்க ஆச்சி, நான் ஊத்துறேன்” என்று பையன் ஓடி வந்தான். “நீ போப்பா, இது என் புதினா” என்றார், அடுத்த பைக்கு நகர்ந்தார். மேடைப் பாத்தியை அவர் கைக்குத் தோதாக நகர்த்த முடியாது, பையை முடியும்.

செடியில் வாசனை உள்ளதாகப் பாருங்கள், பார்வை மங்கியவர்களுக்கு மரிக்கொழுந்தும் துளசியும் போதும். முள்ளுள்ள ரோஜா, காகிதப்பூ கை எட்டும் தூரத்தில் வேண்டாம். அரளி எந்த நிறமானாலும் கூடவே கூடாது, பூ, இலை, விதை எல்லாம் விஷம், மறதியில் வாயில் போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். பூசைக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கி நேராகச் சாமி அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.