அதிகக் கட்டணத் தனியார் பள்ளி: 14 வருடக் கணக்கில் பார்த்தால் காசுக்குத் தகுமா?

முதல் வருட அனுபவத்தை வைத்து ஒரு பள்ளியை எடை போடக் கூடாது. முதல் வருடம் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். குழந்தை அழாமல் கிளம்பும், மிஸ்ஸைப் பற்றி வாய் ஓயாமல் பேசும், ஆண்டுவிழாவில் மேடை ஏறும். கட்டிய ஃபீஸுக்கு என்ன கிடைத்தது என்பது மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். எட்டாம் வகுப்பில் முழுசாகத் தெரிந்துவிடும். அதனால் இந்தப் பகிர்வு மழலையர் வகுப்பு இரண்டு வருடம், பள்ளி 12 வருடம், ஆக மொத்தம் 14 வருடத்தையும் சேர்த்தே பார்க்கிறது.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கட்டும் பணம் ஆசிரியரின் நேரமாக மாறி உங்கள் பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் அது நல்ல செலவு. கட்டடமாகவும் நீச்சல் குளமாகவும் குளிரூட்டிய வகுப்பறையாகவும் நின்றுவிட்டால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

முதலில் பணக் கணக்கு, ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் இடறுவது இங்கேதான். அட்மிஷன் நேரத்தில் சொல்லும் ஃபீஸ் ஒரு வருடத்து ஃபீஸ் மட்டும். அது வருடம் 10 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் 14-ஆவது வருட ஃபீஸ், முதல் வருடத்தைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 14 வருடத்துக்கும் கூட்டினால் முதல் வருட ஃபீஸைப் போல 28 மடங்கு. இதே காலத்தில் வீட்டு வருமானம் வருடம் 6 சதவீதம்தான் ஏறுகிறது என்றால் அது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும். அதாவது ஆரம்பத்தில் வருமானத்தில் 15 சதவீதமாக இருந்த ஃபீஸ், கடைசி வருடம் 24 சதவீதத்தைத் தொடும். கல்லூரிக்குச் சேர்த்து வைக்க வேண்டிய வருடங்களும் அதேதான். இரண்டாவது பிள்ளை இருந்தால் இது அப்படியே இரட்டிக்கும்.

இதற்கு மேலே பேருந்து, சீருடை, புத்தகம், டேப்லெட், சுற்றுலா, தேர்வுக் கட்டணம், ஒலிம்பியாட், ஆண்டுவிழா உடை எல்லாம் தனி. சொன்ன ஃபீஸின் மேல் கால் பங்காவது இப்படிப் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம். போன வருடம் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மொத்தமாக எவ்வளவு ஆயிற்று என்று அங்கே படிக்கும் ஒரு குடும்பத்திடம் கேட்டால், அலுவலகத்தில் தரும் அச்சடித்த தாளைவிடச் சரியான எண் கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு முதல் வருடச் செலவு வருமானத்தில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் தாக்குப் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் நடுவில் பள்ளி மாற்ற வேண்டி வரும் என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் இழுத்துக்கொண்டு வருவது பிள்ளைக்குத்தான் அதிகம் வலிக்கும்.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும். நல்ல, ஆனால் நடுத்தரக் கட்டணமுள்ள ஒரு பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் உள்ள ஃபீஸ் வித்தியாசத்தை மட்டும் வருடா வருடம் ஒதுக்கி, 8 சதவீத வருமானம் தரும் இடத்தில் போட்டு வந்தால், வித்தியாசமும் வருடம் 10 சதவீதம் ஏறும் என்ற கணக்கில், 14 வருட முடிவில் முதல் வருட வித்தியாசத்தைப் போல 43 மடங்கு கையில் இருக்கும். விலையுயர்ந்த பள்ளி இந்தத் தொகையோடுதான் போட்டி போட வேண்டும்.

‘ஆனால் அங்கே மார்க் நன்றாக வருகிறதே’ என்பார்கள். வருகிறது, உண்மைதான். எதனால் வருகிறது என்பதுதான் கேள்வி. 1966-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களை வைத்து சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் தேர்ச்சியோடு நெருக்கமாக ஒட்டியிருக்கிறது என்று காட்டியது. 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 முடிவுகளும் அதே பக்கம்தான். தனியார் பள்ளி மாணவர்களின் சராசரி மேலே இருந்தது. மாணவர்களின் பொருளாதாரப் பின்னணியையும் உடன் படிப்பவர்களின் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் பெரும்பாலான நாடுகளில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. வீட்டில் புத்தகம், பேச்சு, படித்த பெற்றோர், நல்ல தூக்கம் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளி பொறுக்கி எடுத்துக்கொள்கிறது; பிறகு அவர்கள் வாங்கும் மார்க்கைத் தன் பலகையில் போடுகிறது. உங்கள் வீட்டில் அவையெல்லாம் ஏற்கெனவே இருந்தால் பள்ளி புதிதாகச் சேர்ப்பது என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அந்தச் சேர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஆசிரியரிடமிருந்து. ஒரே பள்ளிக்குள் இரண்டு ஆசிரியர்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், இரண்டு பள்ளிகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆகவே பள்ளியின் பெயரைவிட, அந்தப் பள்ளி தன் ஆசிரியர்களை எப்படி நடத்துகிறது, அவர்களுக்கு எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறது என்பதைக் கேளுங்கள்.

ஒரு கணித ஆசிரியருக்கு 5 செக்ஷன், செக்ஷனுக்கு 35 பேர் என்றால் 175 நோட்டு. ஒரு நோட்டை உண்மையாகவே படித்து, தவறு எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடித்துத் திருத்த 3 நிமிடமாவது வேண்டும். வாரம் ஒரு தடவை திருத்தினாலே 525 நிமிடம். வாரம் 40 பீரியடில் 32 பீரியட் வகுப்பு எடுப்பவருக்கு மிஞ்சுவது 8 பீரியட். 40 நிமிடப் பீரியட் என்றால் 320 நிமிடம். அதிலும் மாற்று வகுப்பு, கூட்டம், விழா ஒத்திகை எல்லாம் போகும். எவ்வளவு நல்ல மனசுள்ள ஆசிரியராக இருந்தாலும் இது நடக்காது. அதனால்தான் விடையைப் பலகையில் எழுதிப் போட்டு, எல்லாரையும் பார்த்து எழுத வைத்து, டிக் போட்டு அனுப்புகிறார்கள். இதையே செக்ஷனுக்கு 20 பேர், 4 செக்ஷன், வாரம் 24 பீரியட் என்று மாற்றுங்கள். 80 நோட்டு, 240 நிமிடம், மிச்சம் 16 பீரியட். இப்போது நடக்கும். அதிக ஃபீஸ் வாங்கும் பள்ளி செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். பல பள்ளிகள் இதைச் செய்வதில்லை.

வகுப்பில் எத்தனை பேர் என்பதில் ஒரு எச்சரிக்கை. 40-லிருந்து 32-க்குக் குறைத்ததைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். அதனால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வில் பலன் தெரிந்தது 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகளில். 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளோடு ஒப்பிட்டு, மூன்றாம் வகுப்பு வரை பார்த்தார்கள். ஆகவே சின்ன வகுப்புக்குக் காசு கொடுப்பதென்றால் அது நிஜமாகவே சின்னதாக இருக்க வேண்டும், ஆரம்ப வகுப்புகளில் இருக்க வேண்டும்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது ஆய்வகம், ஆடிட்டோரியம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பொருள் கேளுங்கள்: நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டு, வருடக் கடைசியில் எழுதியது, பெயரை மறைத்துக் காட்டினால் போதும். கட்டுரை நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் பார்க்க வேண்டியவை: இரண்டு பிள்ளைகளின் கட்டுரை வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறதா? சிவப்பு மை டிக்கோடு நிற்கிறதா, இல்லை ‘இந்த வாக்கியம் ஏன் இங்கே?’ என்பது போல் ஏதாவது எழுதியிருக்கிறதா? திருத்திய பிறகு பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா? ஜூலையில் செய்த அதே பிழை ஜனவரியிலும் வருகிறதா? பத்து நிமிடம் அந்த நோட்டைப் புரட்டினால் பள்ளியின் உண்மையான தரம் கைக்கு வந்துவிடும். காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

அடுத்து, ஆசிரியர்கள் நிலைக்கிறார்களா என்பது. போன வருடத்துப் பள்ளி மலரையும் மூன்று வருடத்துக்கு முந்தையதையும் வாங்கி, ஆசிரியர் குழுப் படங்களை அருகருகே வைத்து முகங்களை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் மாறியிருந்தால் ஃபீஸ் ஆசிரியர் சம்பளத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நடுவருடத்தில் கணக்கு மிஸ் போய், இரண்டு மாதம் யாரோ வந்து சமாளிப்பதுதான் ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் கணக்கை விட்டுவிடுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பாட அட்டவணையையும் விடாதீர்கள். ரோபோடிக்ஸ், நடனம், மூன்றாம் மொழி, குதிரையேற்றம் எல்லாம் எந்தப் பாடத்தின் நேரத்தில் கைவைத்து உள்ளே வந்தன என்று பாருங்கள். 2008-இல் தொடங்கி நான்கு வருடம் நடந்த ஆந்திரப் பிரதேச ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. குலுக்கல் முறையில் பணம் தந்து சிற்றூர்ப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவை குறைந்த செலவுப் பள்ளிகள்தான். தெலுங்கிலும் கணிதத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்கள் மேலே போகவில்லை, இந்தியில் போனார்கள். தனியார் பள்ளி இந்திக்கு நேரம் ஒதுக்கி, தெலுங்குக்கும் கணிதத்துக்கும் நேரத்தைக் குறைத்திருந்தது. எதற்கு நேரம் கொடுக்கிறார்களோ அதுதான் வரும்.

சேர்த்த பிறகு ரிப்போர்ட் கார்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ‘ஆர்வத்துடன் பங்கேற்கிறாள்’ என்ற வரி எல்லாக் கார்டிலும் இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டிலேயே பரிசோதியுங்கள். இரண்டாம் வகுப்பு முடிவில், முன்பு படிக்காத ஒரு பக்கக் கதையை வாசித்துத் தன் சொல்லில் சொல்ல வர வேண்டும். நான்காம் வகுப்பில் 1000-இலிருந்து 367-ஐக் கழிக்கச் சொல்லி, சைபரிலிருந்து எப்படிக் கடன் வாங்கினாய் என்று கேளுங்கள். ஐந்தில், முக்காலா மூன்றில் இரண்டா எது பெரியது, ஏன்? ஆறில், 0.35 பெரியதா 0.4 பெரியதா? ‘35 பெரியது, அதனால் 0.35’ என்று பதில் வந்தால் இடமதிப்பு புரியவே இல்லை. விதியை மனப்பாடம் செய்து தேர்வைத் தாண்டியிருக்கிறது பிள்ளை. இந்த ஓட்டை ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தில் பெரிதாகும், ஒன்பதாம் வகுப்பில் டியூஷனாக மாறும்.

டியூஷன் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். உயர்ந்த ஃபீஸ் கட்டும் பள்ளியில் ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கணக்குக்கும் அறிவியலுக்கும் வெளியே டியூஷன் போகிறார்கள் என்றால் அந்தப் பள்ளி கற்பித்தலை விற்கவில்லை. அப்போது நடுத்தரக் கட்டணப் பள்ளியும், தேவைப்படும் பாடத்துக்கு மட்டும் வாரம் இரண்டு மணி நேரம் தனி ஆசிரியரும் என்பது செலவிலும் பலனிலும் மேல்.

சர்வதேசப் பள்ளி என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் ‘இன்டர்நேஷனல்’ என்று எழுத யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடங்கள் பல. 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்ட அமைப்பு ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் தனித்தனியாக அங்கீகாரம் தருகிறது; தொடக்க நிலைக்கு அங்கீகாரம் இருப்பதால் கடைசி இரண்டு வருட டிப்ளமாவுக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. ‘கேண்டிடேட் ஸ்கூல்’ என்றால் விண்ணப்ப நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஐபி அமைப்பின் இணையதளத்திலேயே பள்ளியின் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். டிப்ளமா 6 பாடம், 45 புள்ளி, கூடவே 4000 சொல் ஆய்வுக் கட்டுரை. எழுதிப் பழகிய, தானாகத் தேடிப் படிக்கும் பிள்ளைக்கு அது அருமையான பயிற்சி. ஆனால் அடுத்து போகப் போகும் கல்லூரி வேறொரு நுழைவுத்தேர்வை வைத்துச் சேர்க்கிறது என்றால் கடைசி இரண்டு வருடம் இரட்டைச் சுமை.

காசுக்குத் தகுந்த பலன் கண்ணெதிரே தெரியும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. கற்றல் குறைபாடு, காது கேட்பதில் சிரமம், ஆட்டிசம் போன்ற தேவை உள்ள பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் முழுநேரமாக இருக்கும் பள்ளி கிடைத்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது சேர்க்கலாம். அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், தனித் திட்டம் எழுத்தில் தருகிறார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் யாரும் பேசாத மொழியைத் தயங்காமல் பேச வருவது, தேர்ந்த பயிற்சியாளரோடு தினசரி விளையாட்டு, அருகில் உள்ள மற்ற பள்ளியில் அடியும் அவமானமும் இருக்கையில் பாதுகாப்பான ஓர் இடம், இவையும் நிஜமான பலன்கள்.

தூரம் பலரும் விட்டுவிடும் செலவு. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 200 வேலை நாளில் 400 மணி நேரம். பள்ளியில் நடக்கும் பாட நேரமே நாளுக்கு ஐந்தரை மணி வீதம் 1100 மணிதான். அதன் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான நேரம் பேருந்திலேயே போகிறது. விளையாட்டும் தூக்கமும்தான் அதற்கு இரையாகும். நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

விலக நேர்ந்தால் இரண்டு சமயம் நல்லது: ஐந்தாம் வகுப்பு முடிவு, அல்லது பொதுத்தேர்வுப் பாடம் தொடங்குவதற்கு முன், அதாவது எட்டாம் வகுப்பு முடிவு. ஒன்பதின் நடுவில் பாடத்திட்டம் மாற்றுவது பிள்ளையைக் கசக்கிவிடும். சேர்க்கும்போதே டெபாசிட் எந்த நிபந்தனையில் திரும்பும், விலக எத்தனை மாத முன்னறிவிப்பு, ஒரு டெர்ம் ஃபீஸ் கேட்பார்களா, மாற்றுச் சான்றிதழை எத்தனை நாளில் தருவார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரசீதையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். கடைசி நாளில் ‘பாக்கி இருக்கிறது’ என்று சொல்லிச் சான்றிதழை நிறுத்தி வைக்கும்போது அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.