கேபின் மவுண்டிங் மாற்றி இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

உவரியில் மீன் ஏற்றி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி வரும் பழைய டீசல் பிக்அப் என்னுடையது. லோடு கிடைத்தால் களக்காடு சுற்றி வாழைத்தாரும் ஏற்றுவேன். கேபினைச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் ரப்பர் வைத்துத் தாங்கும் பிடிப்புகள்தான் கேபின் மவுண்டிங். துருவேறிப்போன அவை எல்லாவற்றையும் மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சேசிஸ் தனி, கேபின் தனி என்று இருக்கிற எந்தப் பழைய பிக்அப்புக்கும் இது பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ரப்பர் மாற்றுவது சின்ன வேலைதான். ரப்பரைச் சுற்றியுள்ள தகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்காமல் ரப்பரை மட்டும் மாற்றினால் காசு வீண்.

முதலில் தெரிந்தது கதவில்தான். டிரைவர் பக்கக் கதவைத் தூக்கி அடித்தால்தான் லாக் விழும். டிங்கர் கீலை அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார், ஒரு மாதத்தில் பழையபடி ஆனது. அப்புறம் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் சீட்டுக்குப் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் ஷேக்கிள் புஷ் என்றார்கள், இன்னொன்றில் ஷாக் அப்சார்பர் என்றார்கள். இரண்டையும் மாற்றியும் சத்தம் போகவில்லை. கடைசியில் வள்ளியூரில் ஒரு மெக்கானிக் வண்டிக்குக் கீழே போகவே இல்லை. பின்னால் நின்று கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். கீழே இரண்டு விரல் நுழையும், மேலே ஒரு விரல்கூட நுழையாது. “கேபின் உக்காந்துட்டு அண்ணாச்சி. தூக்கிப் பாத்துட்டுத்தான் மிச்சத்தச் சொல்ல முடியும்” என்றார்.

நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கடப்பாரையைக் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே கொடுத்து லேசாக நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அசைந்து திரும்பும். கேபின் தொம்மென்று எழும்பி விழுந்தால் ரப்பர் போய்விட்டது. கடப்பாரை முனையே தகரத்துக்குள் இறங்கினால், அது வேறு செலவு.

என் வண்டியில் முன் மவுண்டிங்குகள் சுமார். பின் இரண்டும் மோசம். காரணம் மீன் லோடு. பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் பாடி தரையில் நிற்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் ஓடிவரும், பாடியின் முன் விளிம்பு வழியாக நேராகப் பின் மவுண்டிங் பிராக்கெட்டில் சொட்டும். அதில் மீன் பெட்டியின் உப்பும் சேர்ந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதனால் கடற்கரை ஊரில் ராத்திரி சும்மா நிற்கும் வண்டியிலும், மழையே இல்லாவிட்டாலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டியபோது துரு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று விழுந்தது.

மவுண்டிங்கின் அமைப்பு எளிது. சேசிஸ் பிராக்கெட்டுக்கு மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், நடுவே இரும்பு ஸ்லீவ் (குழாய்), அதற்குள் ஒரு நீள போல்ட், அடியில் அகல வாஷர். மேல் ரப்பர் எடையைத் தாங்குகிறது, கீழ் ரப்பர் கேபின் குதிக்காமல் பிடிக்கிறது. ஸ்லீவ்தான் முக்கியம். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காமல் அது தடுக்கும். கடையில் கிடைக்கும் மலிவு செட்டில் ஸ்லீவ் இருப்பதில்லை. பழையதை லேத்தில் காட்டி, அதே நீளத்துக்குப் புதிதாகக் கடைந்து வாங்கினேன்.

போல்ட் கழற்றுவதில்தான் நாள் போனது. இரும்பு துருவானால் பருமன் கூடும், அதனால் போல்ட்டும் ஸ்லீவும் ஒன்றாகிப் போயிருந்தன. மேலே கேபின் தரைக்குள் இருக்கும் நட், அதைப் பிடித்திருக்கும் கூண்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. கேஸ் தீ வைத்துச் சூடாக்க வேண்டாம் என்று மெக்கானிக் பிடிவாதமாகச் சொன்னார். மேலே மேட், ஃபோம், வயரிங், எல்லாம் தீப்பிடிக்கிற சாமான். சீட்டைக் கழற்றி, தரைத் தகரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். கேபினைத் தூக்கும் முன் ஸ்டியரிங் இணைப்பு, கிளட்ச் பைப், கியர் லிவர் பூட், எர்த் வயர் எல்லாம் விடுவிக்க வேண்டும். ஜாக்கிக்கு மேல் நீள மரக்கட்டை வைத்து, ஒரு பக்கமாக மூன்று அங்குலம் தூக்கினால் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஹோஸ் இழுபடும்.

பின் பிராக்கெட் இரண்டும் புதுத் தகடு வைத்துச் செய்தோம். கேபின் தரைக்கு சிஓ2 வெல்டிங்தான் சரி, சாதா ஆர்க் வைத்தால் மெல்லிய தகரத்தில் ஓட்டைதான் விழும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் வயர்களைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்டிபோல மூடிய பகுதியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை விடச் சொல்வதையும் மறக்காதீர்கள். நாலு பக்கமும் அழகாக அடைத்துத் தருவதைத்தான் வெல்டர்கள் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள்.

ரப்பருக்கு வருகிறேன். நான் போட்டது சாதாரண மோல்டட் ரப்பர். என் மச்சான் அதே மாதிரி வண்டிக்குப் பியூ (பாலியூரித்தேன்) மவுண்டிங் போட்டான். அவனுடையது இன்னும் புதிதுபோல இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐட்லிங்கில் கண்ணாடி முதல் டேஷ்போர்டு வரை நடுங்கும். நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அது ஒத்துவராது. பழைய டயரை வெட்டி வைப்பதும் இங்கே நடக்கிறது. அவசரத்துக்குச் சரி.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வேலை முடிந்த அன்றைக்கு ஹெட்லைட் மங்கிப்போனது. எர்த் வயர் எப்போதோ அற்றிருக்கிறது. ரப்பர் தேய்ந்து கேபினும் சேசிஸும் இரும்போடு இரும்பாக உரசியதால் அதுவரை எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. புது ரப்பர் வந்ததும் அதுவும் போனது. புது எர்த் ஸ்டிராப் போட்டதும் லைட் பழையதைவிடப் பளிச்சென்று எரிந்தது.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிப்பது நம் பக்கத்து வழக்கம். சேசிஸுக்கு அது நல்லதே. ஆனால் இயற்கை ரப்பரில் ஆயில் பட்டால் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். நான் சர்வீஸுக்கு விடும்போது மவுண்டிங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிடுகிறேன். சர்வீஸ் பையனுக்குச் சிரிப்பு, இருந்தாலும் அப்படியே ஆயில் அடிப்பான்.

இப்போதைய நிலைமை: கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிறது, சத்தம் இல்லை. முன் ரப்பர்களில் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு, அவ்வளவுதான். பாடியின் முன் விளிம்பில் ஒரு ஆங்கிள் வைத்து, ஐஸ் தண்ணீரை ஹோஸ் வழியாகப் பக்கவாட்டில் இறக்கிவிட்டேன். மொத்தச் செலவில் மிகவும் மலிவானதும் அதுதான், அதிகம் உழைத்ததும் அதுதான். இடது பின்பக்கத்தில் மட்டும் வெல்டிங் ஓரம் பழுப்பாகக் கசிகிறது. உட்புறம் பிரைமர் எட்டாத இடம். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம் என்பதால், அடுத்த தடவை அதைத் திறந்து மெழுகு அடிக்க வேண்டும்.

செகண்ட்ஸ் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, தாமிரபரணிக் கரையோரம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கேபின் தரையில் கிடக்கும் மேட்டைத் தூக்கி, மவுண்டிங் இருக்கும் பெட்டிக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள், வண்டல் வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். முன் கதவுத் தூணின் அடியே இற்றுப்போயிருந்தால் மவுண்டிங் ரப்பர் பேச்சே வேண்டாம், பழைய இரும்புக் கடையில் நல்ல கேபின் கிடைக்குமா என்று கேளுங்கள்.