2022 ஜனவரியில் யாழ்ப்பாணம்: ஊசி, அட்டை, பி.சி.ஆர்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நினைத்த அளவுக்குக் கெடுபிடி இருக்கவில்லை. கொரோனாவுக்கு இரண்டு ஊசியும் போட்ட சான்றிதழ், ரொறன்ரோவில் எடுத்த பி.சி.ஆர் முடிவு, இணையத்தில் நிரப்பிய சுகாதாரப் படிவம், இவ்வளவையும் காட்டியதும் வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் முன்பு வந்தவர்கள் தனிமைப்படுத்தல் முடித்துத்தான் வீட்டு வாசலை மிதித்தார்கள்.

ஊரில் நான் பார்த்து அசந்தது மூன்றாவது ஊசி போட்ட விதம். அம்மாவின் முதல் இரண்டும் சீனாவின் சினோபார்ம், மூன்றாவது ஃபைசர். ஊருக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) தானே தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, நீங்கள் இன்னும் மூன்றாவது போடேல்லையெல்லோ, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்றார். யார் போட்டது, யார் போடாதது, யாருக்கு நடக்க ஏலாது என்பதெல்லாம் அவருடைய பதிவுப் புத்தகத்தில் இருந்தது. போனோம், ஊசி போட்டு, அதற்கான அட்டையில் முத்திரை குத்தினார்கள், கொஞ்ச நேரம் இருத்திவிட்டு அனுப்பினார்கள். காசு இல்லை. டிசம்பரில் ரொறன்ரோவில் பூஸ்டருக்கு நேரம் பிடிக்க நடுச்சாமம் வரை கணினியோடு மல்லுக்கட்டினோம்.

இது கொரோனாவுக்காகப் புதிதாகக் கட்டியெழுப்பியதும் இல்லை. பிள்ளைப்பேறு, குழந்தைகளுக்கான ஊசி, டெங்கு என்று பல காலமாகக் கிராமத்துக்குள் நடந்து திரிந்த ஆட்களே இதையும் செய்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அம்மாவின் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அரசாங்கம் கொடுத்த 5000 ரூபா உதவிக்கு விதானையார் (கிராம அலுவலர்) வீடு வீடாகப் பெயர் எழுதினாராம். அந்தப் பட்டியலில் விடுபட்டவர்கள் நான் போனபோதும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு கதை.

வெளிநாட்டுக்காரர் என்றால் சனம் ஒரு அடி தள்ளி நிற்பது அப்போதும் போயிருக்கவில்லை. காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து வந்து யாழ்ப்பாணத்து அரியாலையில் ஆராதனை நடத்திய போதகருக்கு, திரும்பிப் போன பிறகு தொற்று உறுதியானது. அதில் கலந்துகொண்டவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவர் என்னிடமும் வந்து விசாரித்தார், மரியாதையாகத்தான்.

கீழ்மட்டம் இப்படி ஓடியாடி வேலை செய்ய, மேலே நடந்தவற்றைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. கொரோனாத் தடுப்புச் செயலணியின் தலைமையை இராணுவத் தளபதியிடம் கொடுத்தார்கள். கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த பாணியை (சிரப்பை) அப்போதைய சுகாதார அமைச்சரே எல்லாரும் பார்க்கக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று வந்தது. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்று சொல்லி, முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்ததை எப்படிக் கடப்பது? உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது, அதுவும் கிழக்கில் ஓட்டமாவடியில் ஒதுக்கிய காணியில். அதே ஆண்டு ஓகஸ்டில் ஒரு நாளைக்கு 200 பேருக்குக் கிட்டச் செத்துக்கொண்டிருந்தபோது, முடக்கம் போடச் சொல்லி மருத்துவர்கள் கேட்டுக் களைத்த பிறகே 20ஆம் திகதி நாட்டை மூடினார்கள்.

சரி, நான் கனடாவுக்குத் திரும்பிய கதைக்கு வருகிறேன். விமானம் ஏற 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பி.சி.ஆர் முடிவு அப்போது வேண்டியிருந்தது. தனியார் இடங்களுக்கு 6500 ரூபா என்று அரசாங்கம் அப்போது உச்ச விலை வைத்திருந்தது. நான் போன ஆய்வுகூடத்தில் 'அவசரக் கட்டணம்' என்று மேலதிகமாக வாங்கினார்கள். முடிவு பறப்புக்கு முதல் நாள் இரவுதான் வந்தது, அதிலும் என் பெயர் பிழை. கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பித் திருத்தி எடுக்க நடுச்சாமமாகிவிட்டது. மாதிரி கொடுக்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதியைக் கையில் கொடுத்து, அவர்கள் பெயரை எழுதுவதை நின்று பார்த்திருக்க வேண்டும். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டால் தந்தார்கள்.