இ-மைக்ரேட்: பத்தாவது பாஸ் ஆனவரை யார் பார்ப்பது?

பேரணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகள் உண்டு. வளைகுடா போன்ற வெளிநாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் ஏமாறாமல் கிளம்ப அரசு நடத்தும் இணையதளம்தான் இ-மைக்ரேட். 2014-ல் வந்தது. 2024 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் அதைப் புதுப்பித்து மொபைல் செயலியும் விட்டது. சேவை நல்லதுதான். ஆனால் யாருக்காக வைத்தார்களோ அவர்களில் பலர் அதன் வாசலுக்கே வர முடியாது.

இதில் உருப்படியான பகுதி ஏஜென்ட் சரிபார்ப்பு. விளம்பரத்திலோ விசிட்டிங் கார்டிலோ இருக்கும் லைசென்ஸ் எண்ணை, இல்லாவிட்டால் நிறுவனத்தின் பெயரை, தளத்தில் போட்டுத் தேடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மூர் டிராவல்ஸ் கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள நிறுவனத்தின் லைசென்ஸ் ஜெராக்ஸ். தளத்தில் அது சரியாகவே காட்டும், பணம் மட்டும் வேறு கைக்குப் போகும். 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தில் சப்-ஏஜென்டுக்கு இடமே கிடையாது. ஆகவே லைசென்ஸ் உள்ள நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே பணத்தைப் போட்டு ரசீது வாங்குங்கள். ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ‘விசா காசு’ என்று பேச்சு லட்சத்துக்குப் போனால் எழுந்து வந்துவிடலாம்.

பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி (கிளியரன்ஸ்) தேவை என்று இருக்கும். சவுதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, இந்தத் தளம் வழியாகக் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். கூடவே ஒரு நாள் பயிற்சியும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். இந்த விலைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வேறெங்கும் கிடைக்காது.

கிளியரன்ஸுக்குப் போகும் ஒப்பந்தத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மாதம் 1,500 திர்ஹாம் முழுக்கவே பேசிக் என்றால் வருடத்துக்குச் சுமார் 1,050 சேரும். அதே 1,500-ல் பேசிக் 700, மீதி அலவன்ஸ் என்று எழுதினால் 490-தான். ஐந்து வருடம் கழித்து ஊர் திரும்பும்போது 2,800 திர்ஹாம் கையை விட்டுப் போயிருக்கும்.

இன்னொன்று, பெயர். இனிஷியலோடு வாழும் நம்மவர்கள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட், டூரிஸ்ட் விசா கிடையாது என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. பிறகு திருத்துவதென்றால் மறுபடி 1,500 ரூபாய், மறுபடி அலைச்சல்.

தளத்தின் பெரிய ஓட்டை இனிமேல்தான். இந்தப் பாதுகாப்பு, செய்யப்போகும் வேலையைப் பார்த்து வருவதில்லை, மார்க் ஷீட்டைப் பார்த்து வருகிறது. தமிழ்நாட்டில் இன்று பத்தாவது தேறாத பிள்ளைகள் குறைவு. அதே கட்டட சைட்டில், அதே வெயிலில், அதே ஹெல்பர் வேலைக்குப் போகும் பத்தாவது பாஸ் பையனுக்குக் கிளியரன்ஸ் வேண்டாம். காப்பீடு கட்டாயமில்லை. அவன் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. சிங்கப்பூரோ அந்த 18 நாடுகளில் இல்லவே இல்லை. இசிஆர்காரரைக்கூட விசிட் விசாவில் ஏற்றி, அங்கே போய் வேலை விசா மாற்றிவிடலாம் என்று சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அப்படிப் போனவர் இந்தத் தளத்தின் கணக்கிலேயே இருக்க மாட்டார். 2021-ல் புதிய குடிபெயர்வு மசோதாவின் வரைவு வெளியானது, ஆனால் சட்டமாகவில்லை. பாஸ்போர்ட் வகையைப் பார்க்காமல், வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். இதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு: ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வுப்படி, இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது.

ஒப்பந்தத்தில் ‘தங்குமிடம் கம்பெனி தரும்’ என்று ஒரே வரி இருக்கும். அறைக்கு எத்தனை பேர், அவசர வழி உண்டா என்று அதில் இருக்காது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது, தூக்கத்திலேயே புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழர்கள். நம்மூரும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரை விட்டு வந்து உழைக்கிறவர் படுக்கிற இடத்தைச் சட்டம் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும், அது மங்காஃப் ஆனாலும் ராணிப்பேட்டை ஆனாலும்.

போய்ச் சேரும் நாடுகளிலும் மாற்றம் அரைகுறைதான். கத்தார் 2020-ல் பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) இல்லாமல் வேலை மாறலாம் என்றது, அடுத்த வருடம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் வைத்தது. சவுதி 2021-ல் செய்த சீர்திருத்தம் வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் சேர்க்கவில்லை. குவைத்துக்கு என்றால் விசா 18-ஆ 20-ஆ என்று கட்டாயம் கேளுங்கள். 18 கம்பெனி விசா. 20 என்பது நம்மவர்கள் சொல்லும் காதிம் விசா, அதாவது வீட்டு வேலை விசா, கஃபீல் (விசா கொடுக்கும் முதலாளி) வீட்டோடு கட்டிப்போட்டுவிடும்.

உதவி எண் 1800 11 3090, 24 மணி நேரமும் உண்டு. புகாருக்கு மதத் (MADAD) என்ற தனித் தளம் இருக்கிறது. புகார் கொடுக்கும்போது பாஸ்போர்ட் எண், முதலாளி அல்லது கம்பெனியின் முழுப் பெயர், வேலை செய்யும் ஊர் எல்லாம் கேட்பார்கள். ‘தம்மாமில் ஏதோ கம்பெனி’ என்று வீட்டில் சொன்னால் வேலை நகராது. அதனால் ஒப்பந்தம், விசா, காப்பீட்டுப் பாலிசி, ஏஜென்ட் ரசீது நான்கின் நகலையும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் வைத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்து அகாமா (அந்த நாட்டின் குடியிருப்பு அட்டை) கிடைத்த அன்றே அதையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.